கணையத்தைக் குடலோடு சேர்க்கும் தையல்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் கண்டால், அந்தத் தலையை மட்டும் தனியே வெட்டியெடுக்க இயலாது. தலைக்கும் அதை வளைத்துச் செல்லும் முன்சிறுகுடலுக்கும் இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் பொதுவானவை என்பதால் இரண்டையும் சேர்த்தே அகற்ற வேண்டியிருக்கிறது. அவற்றோடு பித்தப்பையும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியும், பல வேளைகளில் இரைப்பையின் கீழ்முனையும் போய்விடுகின்றன. 1909இல் பெர்லினில் வால்தர் கௌஷ் இதை ஒருவகையில் செய்து காட்டியிருந்தாலும், 1935இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் வெளியிட்ட முறையே நிலைபெற்றதால், இந்த அறுவை சிகிச்சை இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது.

வெட்டியெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அறுபட்டு நிற்கும் மூன்று முனைகளை, அதாவது எஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகியவற்றை, மேலே இழுத்துக் கொண்டுவரப்பட்ட நடுச்சிறுகுடலோடு ஒவ்வொன்றாக இணைத்தால்தான் செரிமானப் பாதை மீண்டும் தொடரும். இவற்றுள் பித்தநாள இணைப்பும் இரைப்பை இணைப்பும் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும்; நோயாளியின் கதியை முடிவு செய்வது கணைய இணைப்புதான்.

நோயால் இறுகித் தடித்த கணையம் தையலைப் பிடித்துக்கொள்ளும். அதன் நாளமும் அடைப்பினால் விரிந்திருக்கும். இயல்பான மென்மையோடு இருக்கும் கணையத்திலோ ஊசி நுழைந்த இடமே கிழியக்கூடும், நாளத்தின் குறுக்களவும் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கலாம். நலமாக உள்ள திசுவே இங்கே பெரிய ஆபத்தைத் தருகிறது. இதனால் சிலர் நாளத்தின் வாயைக் குடலின் உட்சவ்வோடு நுண்ணிய தையல்களால் நேராகச் சேர்க்கிறார்கள். சிலர் வெட்டுமுனை முழுவதையும் குடலுக்குள் செருகித் தைக்கிறார்கள். இன்னும் சிலர் குடலை விட்டு இரைப்பையின் பின்சுவரோடு இணைக்கிறார்கள். எல்லாருக்கும் இதுவே சிறந்தது என்று எந்த ஒரு முறையும் நிலைநாட்டப்படவில்லை. கணையத்தின் தன்மையும் செய்பவரின் கைப்பழக்கமுமே தேர்வைத் தீர்மானிக்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

இணைப்பு கசிந்தால், உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் உடலின் திசுக்களையே அரிக்கத் தொடங்கும். ஆகவே வயிற்றுக்குள் வைத்த வடிகால் குழாயில் வரும் திரவத்தை நாள்தோறும் கவனிப்பார்கள். மூன்றாம் நாளிலோ அதற்குப் பின்னோ அத்திரவத்தில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, இரத்தத்தில் இருக்கக்கூடிய இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் அது கசிவின் அடையாளம். நோயாளிக்குத் தொல்லை எதுவும் தராத கசிவு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். காய்ச்சலோ சீழோ சேர்ந்தால் மருந்தும், சில வேளை புதிய வடிகால் குழாயும் தேவைப்படும்.

கசிவை விடவும் அஞ்ச வேண்டியது, நொதி அரித்த தமனியிலிருந்து நாட்கள் கழித்து ஏற்படும் இரத்தப்போக்கு. பெரும் இரத்தப்போக்குக்குச் சில மணி நேரம் முன்பு வடிகால் பையில் சிறிதளவு சிவப்பு தென்படுவதுண்டு. அந்தச் சிறு சிவப்பை அலட்சியம் செய்யாத செவிலியர் ஓர் உயிரைக் காப்பவராகிறார். உடனே படமெடுத்து, தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் இடத்தைக் கம்பிச்சுருளால் அடைத்துவிட முடியும். இரைப்பை வேலைசெய்யத் தாமதமாகி, நாட்கணக்கில் வாந்தி வருவதும் பரவலாகக் காணப்படும் மற்றொரு சிக்கல். அது பொறுமையைச் சோதித்தாலும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

வீடு திரும்பிய பின்னும் கணையத்தின் குறை தெரியும். சிலருக்குச் சர்க்கரை நோய் வருகிறது; பலருக்குக் கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, எடை குறைகிறது. நொதி மாத்திரைகள் இதற்குத் தீர்வாக அமைந்தாலும், அவை உணவோடு கலந்தால்தான் பயன் தரும். ஆகவே அவற்றைச் சாப்பிட்டு எழுந்த பிறகு விழுங்காமல், முதல் கவளத்தோடே எடுத்துக்கொள்ள வேண்டும்.