ஏரிகளின் கதை – 7: உதகை ஏரிக்குள் இறங்கும் உரம்

உதகமண்டலம் ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டுவதற்குக் காரணம், நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறிச் சேர்வதுதான். வயலில் பயிரை வளர்க்கும் அதே சத்துகள் நீரில் பாசியை வளர்க்கின்றன. நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் பாசியின் அளவைத் தீர்மானிப்பது பாஸ்பரஸ். 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் 226-ஆம் எண் ஏரியைத் திரையிட்டு இரண்டாகத் தடுத்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்த்த பாதியில்தான் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளை மறித்து உருவாக்கிய உதகை ஏரி, நகரின் தாழ்வான பகுதியில் கிடக்கிறது. மேட்டில் கொட்டுவதெல்லாம் இங்கேதான் வந்து சேரும். அதில் பெரிய வழி கோடப்பமந்து கால்வாய். ஊருக்குள் புகுந்து வரும் இந்தக் கால்வாய் வீடுகள், விடுதிகள், கடைகளின் கழிவுநீரை ஏரிக்குக் கொண்டுவருகிறது. ஒரு மனிதரின் உடல் நாளொன்றுக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறது. அதில் பாதிக்கு மேல் சிறுநீரில் போகிறது. கோடை சீசனில் விடுதிகள் நிரம்பும்போது இந்தச் சுமை ஏறுகிறது; ஏரிக்கு வரும் நல்ல நீரோ அப்போதுதான் குறைவு. சுத்திகரிப்பு நிலையம் இருந்தாலே போதும் என்று நினைப்பது தவறு. வழக்கமான சுத்திகரிப்பு, மட்கும் அழுக்கைத்தான் நீக்கும். பாஸ்பரஸைத் தனியே படியவைக்கும் வசதி இல்லையென்றால் அதில் பெரும்பகுதி தப்பிவிடும்.

அடுத்தது மண். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் விளையும் நீலகிரிச் சரிவுகளில் இடும் உரத்தின் நைட்ரேட் நீரில் கரைந்து ஓடிவிடும். பாஸ்பரஸ் அப்படியல்ல, செம்மண்ணில் உள்ள இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். கனமழையில் மண் அரித்து வரும்போது அதுவும் கூடவே வந்துவிடுகிறது. ஏரிக்கரைக் குதிரைகளின் சாணமும் மழையில் கரைந்து சேர்கிறது. சாக்கடையோடு ஒப்பிட்டால் அது சிறு பங்குதான்.

ஆகாயத்தாமரையை வாரி எடுப்பது ஓரளவு சத்தை வெளியேற்றும். அள்ளிய செடியைக் கரையிலேயே மட்கவிட்டால் மழை அதைத் திரும்ப ஏரிக்குள் இறக்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத ஊற்றுக்கண் ஏரியின் அடிச்சேறு. பல ஆண்டுகளாக வந்த பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து அங்கே படிந்திருக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிணைப்பு அறுபட்டு, பாஸ்பரஸ் மறுபடி நீருக்குள் வரும். தெற்கு ஸ்வீடனின் ட்ரம்மன் ஏரியில் 1950-களின் இறுதியிலேயே கழிவுநீரை நிறுத்தினார்கள்; பாசி குறையவில்லை. 1970, 71-ஆம் ஆண்டுகளில் சேற்றைத் தோண்டி எடுத்த பிறகே ஏரி தெளிந்தது. உதகையிலும் கால்வாயில் வரும் கழிவுநீரைத் தடுக்காமல் தூர் மட்டும் வாரினால், புதுச்சேறு வந்து பழைய இடத்தை நிரப்பிவிடும்.