இத்தாலிய விருந்தும் வட்டார மதுவும்

இத்தாலி நாட்டில் திராட்சை மது வெறும் களியாட்டப் பானம் அன்று. ரொட்டியையும் ஆலிவ் எண்ணெயையும் போல உணவின் ஓர் அங்கமாகவே அது கருதப்பட்டு வந்துள்ளது. எந்த உணவோடு எந்த மது இசையும் என்பதை அறிவது அங்கே ஒரு சுவைக்கலை. அதன் அடிப்படையைச் சிறிது ஆராய்வோம்.

1861ஆம் ஆண்டில் ஒரே அரசாக இணைவதற்கு முன் இத்தாலி பல நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் மண்ணுக்கேற்ற கொடியையும் தனக்கே உரிய சமையலையும் பேணிற்று. ஒரு மண்ணில் விளைந்த உணவும் மதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்னும் மரபு இவ்வாறு வேரூன்றியது.

விருந்தின் முன்னுணவாக, பார்மா நகரத்தில், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை மெல்லியதாகச் சீவி வைப்பர். அதற்குத் துணை, நுரைத்தெழும் செம்மதுவாகிய லாம்புரூஸ்கோ. அதன் புளிப்பும் நுரையும் நாவில் படிந்த கொழுப்பை அகற்றி, அடுத்த கவளத்துக்கு நம்மை ஆயத்தம் செய்கின்றன.

அடுத்து வருவது பாஸ்தா. லிகூரியாக் கடற்கரையில் திருநீற்றுப்பச்சை, பூண்டு, பைன் பருப்பு, பாலாடைக்கட்டி ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயோடு அரைத்த துவையலை அதில் பிசறுவர். வெர்மெந்தினோ என்னும் வெண்மது அப்பச்சிலை மணத்தை மறைக்காமல் துலங்கச் செய்கிறது.

மூன்றாவது, பியட்மாண்டில் பரோலோ மதுவிலேயே நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி. நெபியோலோ திராட்சையில் பிறந்து, குறைந்தது 38 மாதங்கள் முதிரும் பரோலோ, துவர்ப்பு மிக்கது. தனியே பருகினால் வாயை வறளச் செய்யும் அத்துவர்ப்பு, இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது தணிந்துவிடுகிறது.

இறுதியாக, தொஸ்கானாவின் பாதாம் பிஸ்கோத்தும், உலர்த்திய திராட்சையில் வடித்த 'வின் சாந்தோ'வும். பண்டத்தைவிட மதுவில் இனிப்புக் குறைந்தால் அது புளித்துத் தோன்றும்; ஆதலின் இனிய மது கடைசியில் வருகிறது.

இவ்வரிசை ஏன் என நேயர்கள் வினவலாம். கனத்த பரோலோவை முதலில் சுவைத்த நாவுக்கு வெர்மெந்தினோவின் மென்மை புலப்படாது என்பதே விடை.

1963ஆம் ஆண்டில் வந்த சட்டம் மதுவின் பெயரையும் பிறந்த மண்ணையும் வரையறுத்துக் காக்க வழிவகுத்தது. ஆயினும் கொடியைக் காப்பவர் உழவரே. பியட்மாண்டின் அர்னேய்ஸ் என்னும் வெள்ளைத் திராட்சை 1960களில் ஏறக்குறைய மறைந்துபோகும் நிலையை அடைந்து, உள்ளூர்ப் பயிராளர் சிலரின் முயற்சியால் மீண்டது. ஒரு கொடி அழிந்தால் அதனோடு சேர்ந்து வளர்ந்த உணவும் தன் துணையை இழக்கும். வட்டார மதுவை அதன் உணவோடு சேர்த்துப் போற்றுவது நாவின் இன்பத்துக்கு மட்டுமன்று, அக்கொடியின் வாழ்வுக்கும் உதவும்.