90-ஐத் தொட்டா ஸ்டியரிங் ஆடுதா?

போன மாசம் திருச்சி போறப்போ, பரனூர் டோல் தாண்டி 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில ஆட ஆரம்பிச்சது. 70-க்கு இறக்கினா நின்னுடும். ஒரு கடையில அலைன்மென்ட் பண்ணி காசு வாங்கினாங்க, ஆட்டம் போகல. அலைன்மென்ட் தப்புன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். குறிப்பிட்ட வேகத்துல மட்டும் ஆடினா, முதல்ல பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங்.

100 கி.மீ. வேகத்தில் கார் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். ஒரு பக்கம் சில கிராம் எடை கூடினாலே போதும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த எடை இழுக்கும் விசை நான்கு மடங்காகும்.

பக் தேடுற மாதிரிதான்: எப்போ, எங்கே ஆடுதுன்னு கவனிங்க. ஸ்டியரிங் ஆடினா பெரும்பாலும் முன் சக்கரம். சீட் அதிர்ந்தா பின் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும்னா டிஸ்க்கைப் பாருங்க. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும்னா டிரைவ் ஷாஃப்ட்.

என் வண்டியில, முன் ரிம்மில் ஒட்டியிருந்த எடை விழுந்திருந்தது. பேலன்சிங் முடிச்சதும் ஆட்டம் போச்சு. ஆனா மெக்கானிக் அண்ணன் பின் டயரோட உள்பக்கத்தைக் காட்டினார்: முட்டை மாதிரி ஒரு வீக்கம். உள்ளே நூல் அறுந்திருக்கு, எப்போ வேணா வெடிக்கலாம். அதை பேலன்சிங் சரி பண்ணாது. அன்னைக்கே டயரை மாத்தினேன். ஹைவே ஏறுறதுக்கு முன்னாடி நீங்களும் உள்பக்கத்தை ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடுங்க.