இரண்டாம் பாகமும் இருவகைத் தீர்ப்பும்

மார்கழித் திங்களில் மயிலாப்பூர்ச் சபை ஒன்றிற் கச்சேரி கேட்டு எழுந்தவர்கள் சிற்றுண்டிச்சாலையிற் காப்பி அருந்திக்கொண்டே கூறும் தீர்ப்பு ஒன்றாகவும், பின்னர் நாளிதழில் விமரிசகர் எழுதும் தீர்ப்பு மற்றொன்றாகவும் இருத்தலை இந்நகரத்தார் நன்கறிவர். கேட்டது ஒரே கச்சேரிதான். இத்தகைய வேறுபாடு கணினி விளையாட்டுகளின் உலகிலும் உண்டு. ஆங்கு அஃது எண்களாகவே பதிந்து கிடத்தலின் ஆராய்தற்கு எளிது. அவற்றுள் 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'டிராகன் ஏஜ்' இரண்டாம் பாகம் பெற்ற வரவேற்பினை ஈண்டு எடுத்துக்கொண்டோம். தமிழ்ப் பகுதியில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று ஆசிரியப் பெருமக்கள் முனியாது பொறுப்பாராக.

இவ்வகை விளையாட்டு இன்னதென்று அறியாதார்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். காப்பியத்திற் கோவலன் சிலம்பு விற்கப் புறப்படுங்கால், படிக்கின்ற நாம் நெஞ்சம் பதைத்தாலும் அவனைத் தடுத்தல் இயலாது. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டிலோ, ஆடுவோனே தலைவன். எவரோடு நட்புக் கொள்வது, எவரைப் பகைப்பது, எச்சொல்லுக்கு எவ்விடை கூறுவது என்பவற்றை அவனே தெரிந்துகொள்கின்றான். கதையும் அதற்கேற்ப ஓரளவு வளைந்து கொடுக்கின்றது. பல பத்து மணி நேரம் இங்ஙனம் ஒருவனாக வாழ்ந்தபின், அக்கதையின் அடுத்த பாகம் அவனுக்கு வெறும் புதுநூல் ஆகாது. தன் ஊருக்கு மீண்டு செல்வது போன்றதாம். தீர்ப்புகள் இரண்டாய்ப் பிரிவதன் வேர் இதுவே என்பது எம் கருத்து.

கானடா நாட்டு எட்மண்டன் நகரில் மருத்துவர் சிலர் 1995-இல் தொடங்கிய பயோவேர் என்னும் நிறுவனமே இதனை இயற்றியது. 1998-இல் 'பால்டர்ஸ் கேட்', 2000-இல் அதன் இரண்டாம் பாகம் ஆகியவற்றால் அது பெரும்புகழ் எய்தியது. 2009 நவம்பரில் வந்த 'டிராகன் ஏஜ்' முதற்பாகத்தில், ஆடுவோன் ஆறு வகைப் பிறப்புத் தொடக்கங்களுள் ஒன்றைத் தெரிந்து, நாடெங்கும் அலைந்து படை திரட்டி, பூதப் படையின் தலைமை நாகத்தை எதிர்ப்பான். விமரிசகர் மதிப்பெண்களைத் திரட்டித் தரும் மெட்டாகிரிட்டிக்கில், கணினிப் பதிப்பிற்கு நூற்றுக்கு 91 கிடைத்தது.

ஏறத்தாழப் பதினாறு திங்களில் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. முன்னைத் தலைவன் இல்லை. பிறப்புத் தெரிவும் இல்லை. ஹாக் என்னும் பெயருடைய அகதி ஒருவரே தலைமைப் பாத்திரம். ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம். கர்க்வால் என்னும் துறைமுக நகரில் அக்குடும்பம் பல்லாண்டு படும் பாடே கதை. அதனை வாரிக் என்னும் குள்ளன், தன்னை வினவும் அதிகாரியிடம் உண்மையும் புனைவும் கலந்து சொல்லுவதாக அமைத்திருப்பது நயமான உத்தி. விமரிசகர் கணினிப் பதிப்பிற்கு 82 அளித்தனர். ஆடுவோர் அளித்ததோ பத்துக்கு ஐந்தையும் எட்டவில்லை. ஆயினும் இரண்டு வாரத்திற்குள் பத்து இலட்சம் படிகளுக்குமேல் விற்றன!

ஆடுவோர் சாற்றிய குற்றங்களுள் தலையாயது இடங்களின் கூறியது கூறல். ஒரே குகை, ஒரே மாளிகை, ஒரே கிடங்கு ஆகியன, சில வாயில்கள் மட்டும் அடைபட்டு, வேறு வேறு பெயரோடு மீண்டும் மீண்டும் வரும். நாடகக் குழுவொன்று ஒரே படுதாவைத் தொங்கவிட்டு, இன்று அதனை நந்தவனமென்றும் நாளை அதனையே கானகமென்றும் கூறினாற் போலும். பகைவரும் ஓரணி வீழ்ந்ததும் மற்றோரணியாக வெறும் வெளியினின்று குதிப்பர். விமரிசகரும் இக்குறைகளைக் காணாமல் இல்லை. பலர் வெளிப்படையாகவே எழுதினர். ஆனால் அவர்கள் அதற்குச் சில மதிப்பெண்களைக் கழித்துவிட்டு, உடனுறை மாந்தரின் பேச்சழகிற்கு ஏனையவற்றை வழங்கினர். முதற்பாகத்தை மனத்தில் வைத்துக் காத்திருந்தவர்க்கோ அக்குகை கழித்தற்குறியாக அமையவில்லை; வாக்குத் தவறியதாக அமைந்தது.

எனினும் அவ்வெண்களை அப்படியே நம்புதலும் தவறு. ஆடியவரே மதிப்பெண் இடவேண்டும் என்னும் காவல் அங்கு இருந்ததில்லை. சினத்தாற் சுழியம் இட்டார் பலர். இயற்றிய நிறுவனத்து ஊழியர் ஒருவரே பத்துக்குப் பத்து இட்டுப் புகழ்ந்ததும் வெளிப்பட்டது.

இவ்விடத்து எம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற கோடை விடுமுறையில், அடையாற்று நண்பர் இல்லத்தில், அவர் தமையனார் கழித்துவிட்ட பழங்கணினியில் இவ்விரு பாகங்களையும் ஆடினோம். புதியன எவையும் அதில் ஓடமாட்டா. இரண்டாம் பாகத்தின் நான்காம் மாலையில் அதே குகையுள் மீண்டும் நுழைந்தபோது வெகுண்டு, முடிவு காணாமலே, பொதுமக்கள் மதிப்பெண் இடும் ஓரிடத்தில் 'இரண்டு' என்று இட்டுவிட்டு எழுந்தோம். ஒரு செய்யுளைக் கடைசியடி வரை படியாமற் பொருள் கூறினால் எம் வகுப்பில் என்ன நேரும் என்பது அப்போது நினைவிற்கு வரவில்லை.

மழை நாளொன்றில் வேறு வேலையின்மையால் மீண்டும் தொடர்ந்தோம். இரண்டாம் பகுதியில் ஹாக்கின் தாய் காணாமற்போகின்றாள். தேடிச் செல்கின்றோம், எவ்வழியில் விரைந்தாலும் காப்பாற்றல் இயலாது. எம் நண்பர் பழைய பதிவிலிருந்து மும்முறை ஆடிப் பார்த்தார். மும்முறையும் அவள் மகவின் கையிலேயே உயிர் துறந்தாள். நண்பர் ஒன்றும் பேசாது எழுந்து சென்று சன்னலருகே நின்றார். 'நம் தெரிவால் எதுவும் மாறவில்லை' என்பது ஆடுவோர் சாற்றிய மற்றொரு பெருங்குற்றம். ஈண்டு அது குற்றமன்று, கதையின் உயிர் என்று எமக்குப் பட்டது. கோவலனைத் தடுக்கவியலாத அதே துயரம், தடுக்கலாம் என்று நம்பியவனுக்கு நேருமாயின் இருமடங்காகும் அன்றோ?

ஆயினும் அக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. இறுதியில் மந்திரக்காரர் பக்கம் நின்றாலும், அவர்களை அடக்கும் வீரர் பக்கம் நின்றாலும், இருதரப்புத் தலைவரோடும் பொருதே தீரவேண்டும். மந்திரக்காரர் தலைவனுக்கு நாம் துணை நின்றபோதும் அவன் திடீரென உருமாறி நம்மீதே பாய்வதற்கு அவன் குணத்திலிருந்து தக்க காரணம் பிறக்கவில்லை. தாயின் சாவு கதையினின்று விளைந்தது. இப்போர், போர் ஒன்று வேண்டுமென்பதற்காக வைக்கப்பட்டது. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காணாமையே சினந்தாரின் பிழை. விமரிசகருட் சிலரும் இதனை விரைந்து கடந்துவிட்டனர் என்றே சொல்லுவோம்.

2014-இல் மூன்றாம் பாகம் வந்தது. முன்னைய குறையைத் தீர்ப்பார் போல அதனுள் பரந்த நிலங்களை அமைத்தனர். அவ்வாண்டின் சிறந்த விளையாட்டென்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவிற் பரிசும் கிடைத்தது. அதன்பின் சிலர், நிலம் மிகுந்து சில்லறை வேலைகளும் மிகுந்தன என்று குறைகூறி, கர்க்வால் நகரத்து நண்பர்களை ஏக்கத்தோடு நினைத்தனர். அந்நண்பர்கள் நம்மோடு முரண்பட்டாலும் பிரிந்துபோகாமல், முரணும் ஓர் உறவாக முதிரும்படி அமைத்திருந்தமை அப்போதுதான் பலர்க்குப் பெரிதாகத் தோன்றியது போலும்.

யாம் முன்னர் இட்ட இரண்டினை அழித்து ஏழென்று இட்டோம். அடையாற்று நண்பர் எட்டு என்கின்றார். எம்மோடு ஆடிய தியாகராய நகர்த் தோழர் மட்டும் இன்றளவும் மூன்றிலேயே நிற்கின்றார், தாயைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் சரி ஐயா, அந்தக் குகையை எத்தனை முறை பார்ப்பது?" என்கின்றார்.