சாம்பல் கலந்த சிமெண்டு

வீடு கட்டச் சிமெண்டு வந்து இறங்குகிறது. "இது சாம்பல் கலந்த சரக்காச்சே! வீடு நிற்குமா?" என்று வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். இந்தக் கவலை தேவையா?

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டு, அரைத்துச் சிமெண்டு செய்கிறார்கள். அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரிக்கிறார்கள். அப்போது மாவு போன்ற சாம்பல் கிடைக்கிறது. ஆலையில் இதைச் சிமெண்டுடன் கலக்கிறார்கள். 100 கிலோ சிமெண்டில் 15 முதல் 35 கிலோ வரை இந்தச் சாம்பல் இருக்கலாம். இது அரசின் தர விதி. எனவே இது கலப்படம் அல்ல.

இதனால் என்ன பயன்? சிமெண்டில் தண்ணீர் சேர்ந்ததும் அது இறுகுகிறது. அப்போது உள்ளே சுண்ணாம்பும் உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பு நாளடைவில் நீரில் கரைந்து வெளியேறும். அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் விழும். துளை வழியே நீரும் உப்பும் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

சாம்பல் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாக மாறுகிறது, துளைகளை அடைக்கிறது. நம் முன்னோர் சுண்ணாம்பில் செங்கல் தூள் கலந்து கட்டினார்கள். அதன் பெயர் சுர்க்கி. அதுவும் இதே முறைதான். உத்தரப் பிரதேசத்தில் 1962இல் கட்டி முடித்த ரிஹந்த் அணையிலும் நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. சுண்ணாம்புக்கல்லும் எரிபொருளும் மிச்சமாகின்றன. சூளையிலிருந்து வரும் கரியமில வாயு குறைகிறது. குவிந்து கிடக்கும் சாம்பலும் பயன்படுகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சாம்பல் மெதுவாகவே வேலை செய்யும். ஈரம் இருந்தால்தான் செய்யும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். சாம்பல் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் விட்டால் இன்னும் நல்லது. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். தூணில் ஈரச் சாக்கு சுற்றலாம். முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. பொறியாளர் சொன்ன பிறகே பிரிக்க வேண்டும்.

அடுப்புச் சாம்பலை நாமே கலக்கலாமா? கூடவே கூடாது. அது கட்டடத்தைக் கெடுத்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மூட்டையையே வாங்க வேண்டும்.

பலர் வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறார்கள். சில நாள் கூடுதலாகத் தண்ணீர் விட்டால், அந்த வீடு பிள்ளைகள் காலத்திலும் உறுதியாக நிற்கும்.