ஆயில் என்ஜினில் ஆயில் பால்நிறமானால்...

மதுரை மாவட்டத்தில் பெரியாறு பாசனத்தை நம்பிய நிலங்கள் இரு வகைப்படும். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கமும், திருமங்கலம் கால்வாய்ப் பக்கமும் ஒரு போகம். 1895-ல் பெரியாறு அணையும், 1959-ல் வைகை அணையும் பயனுக்கு வந்தபோதிலும், கடைமடை விவசாயிக்குக் கடைசி இரண்டு தண்ணீர் கிணற்றிலிருந்துதான் கிடைக்கிறது. கமலை மறைந்து மின்மோட்டார் பரவிய பின்னரும், மின் இணைப்புக் கிடைக்காதவர்களும், கண்மாய், ஓடைகளிலிருந்து நீர் இறைப்பவர்களும் ஆயில் என்ஜினையே வைத்திருக்கிறார்கள்.

நெல் கதிர் வெளிவரும் தருணத்தில் இந்த என்ஜின் நின்றுவிட்டால், அதுவரை செய்த செலவு அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும். என்ஜினை இப்படித் திடீரென்று படுக்க வைக்கும் கோளாறுகளில் முக்கியமானது, என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்துவிடுவது. இதை முதல் நாளிலேயே கண்டுகொண்டால் ஒரு கேஸ்கெட்டோ, இரண்டு ரப்பர் வளையமோ மாற்றுவதோடு போய்விடும். கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாப்டையே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போக நேரிடும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

கிராங்க் ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் மெல்லிய ஏடு போல ஆயில் நிற்கிறது. இரும்பு இரும்பை உரசாமல் காப்பது இந்த ஏடுதான். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு இந்தப் பாரத்தைத் தாங்கும் வலு இல்லை. பேரிங் சூடேறித் தேய்கிறது. என்ஜின் நின்றிருக்கும் நேரத்திலோ, அதே தண்ணீர் துருவை உண்டாக்குகிறது. ஆகவே ஓடினாலும் கேடு, நின்றாலும் கேடு.

கண்டறிவது எப்படி?

தினமும் காலையில் என்ஜினைக் கிளப்புமுன் ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நல்ல ஆயில் தேன் நிறமாகவோ, சில நாள் ஓடியபின் கறுப்பாகவோ இருக்கும். பால் கலந்த தேநீர் போலவோ, மோர் போலவோ வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஆயில் ஊற்றாமலே மட்டம் உயர்ந்திருப்பதும் ஓர் அடையாளம்.

மட்டம் உயர்ந்திருக்கிறது, ஆனால் ஆயில் வெளுக்கவில்லை. கறுப்பாக, நீர்த்து, டீசல் வாடை வீசுகிறது என்றால் கலந்திருப்பது தண்ணீர் அல்ல, டீசல். அது பம்ப் அல்லது நாசில் பக்கத்துக் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சந்தேகமிருந்தால் இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒன்று, இரவு முழுவதும் ஓடாமல் இருந்த என்ஜினில், கிளப்புமுன், ஆயில் அறையின் அடித்திருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடிக்கவேண்டும். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது. ஆகவே அடியில் தங்கி, முதலில் வெளிவரும். இரண்டு, தண்ணீர் ஆயிலோடு கலங்கிப்போயிருந்தால், சூடாக்கிய தகரத்தில் அந்த ஆயிலை ஒரு சொட்டு விட வேண்டும். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. டீசல், பெட்ரோல் வைத்திருக்கும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

எங்கிருந்து வருகிறது?

1. ஆவி நீராவது: 1 லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ரிங் இடுக்கில் நுழைந்து ஆயில் அறைக்கு வரும். பத்து நிமிடம், கால் மணி என்று ஓட்டி நிறுத்தப்படும் என்ஜின் போதிய சூடு ஏறாததால், இந்த ஆவி உள்ளேயே நீராகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் வெண்ணெய் போல ஒட்டியிருந்து, கம்பியில் உள்ள ஆயில் நல்ல நிறமாக இருந்தால் இதுவே காரணம். ஆயிலை மாற்றி, பாரத்துடன் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினால் சரியாகும்.

2. மழைநீர்: சைலன்சர் வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழை நேராக உள்ளே இறங்கும். ஆயில் டப்பாவை மூடாமல் வைத்து, அதில் மழைநீர் சேர்ந்து, அதையே என்ஜினில் ஊற்றுவதும் நடக்கிறது. காற்றினால் குளிரும் என்ஜினில் தண்ணீர் அறையே கிடையாது. அதன் ஆயிலில் தண்ணீர் கண்டால் இந்த முதல் இரண்டு காரணங்களைத்தான் பார்க்கவேண்டும்.

3. ஹெட் கேஸ்கெட்: தண்ணீரால் குளிரும் என்ஜின்களில் கேஸ்கெட் பழுதானால் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, அங்கிருந்து ஆயிலில் இறங்கும். ஓடும்போது குளிர்நீர் வெளிவரும் குழாயில் குமிழிகள் தொடர்ந்து வருவதும், சூடேறிய பின்னரும் வெள்ளைப்புகை நிற்காததும் இதன் அறிகுறிகள்.

4. லைனரின் ரப்பர் வளையங்கள்: லைனரின் அடிப்பாகத்தில் தண்ணீரைத் தடுத்து நிற்பவை இவை. நாள்பட்டால் இறுகிப்போகும். அப்போது தண்ணீர் நேராக ஆயில் அறைக்குள் சொட்டும்.

5. லைனரிலோ ஹெட்டிலோ விரிசல்: தண்ணீர் வராமல் கொதித்துப்போன என்ஜினில் உடனே பச்சைத் தண்ணீரை விடுவதால் வார்ப்பிரும்பு வெடிக்கிறது. கொதித்த என்ஜினை நிறுத்தி, தானாக ஆறவிட்ட பிறகே தண்ணீர் விடவேண்டும்.

உவர்நீர்க் கிணறு உள்ளவர்கள் கூடுதல் கவனம் செலுத்துவது நலம். உப்பு லைனரின் வெளிப்புறத்தை அரித்துத் துளையிடும். இராமேசுவரம், பாம்பன் கரைகளில் கடல்நீரால் குளிரூட்டப்படும் படகு என்ஜின்களுக்கும் பகை இதே உப்புநீர்தான். அங்கு ஆயிலில் உப்புநீர் இறங்கினால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும். நடுக்கடலில் என்ஜின் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கடலோடிக்கும் கிணற்றடி விவசாயிக்கும் விதி ஒன்றே: கிளப்புமுன் கம்பியைப் பார்.

கசியும் இடத்தைக் காண

லிஸ்டர் வகை மந்தவேக என்ஜின்களில் ஆயில் அறையின் பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. ஆயிலை வடித்துவிட்டு, இந்தக் கதவைக் கழற்றி, உள்ளே துணியால் துடைக்கவேண்டும். பிறகு ஒரு தண்ணீர் டிரம்மை 5 அல்லது 6 அடி உயரத்தில் வைத்து, ரப்பர்க் குழாயால் என்ஜினின் தண்ணீர் அறையோடு இணைத்து, வெளிவழியை அடைத்து நிரப்பி, டார்ச் விளக்கு அடித்துப் பார்க்கவேண்டும். லைனரின் வெளிவிளிம்பு ஓரமாகச் சொட்டினால் ரப்பர் வளையம் போய்விட்டது. லைனரின் உட்சுவர் வழியாக, பிஸ்டனை ஒட்டி வழிந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். சில மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது அவசியம். சிறு கசிவு உடனே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பிஸ்டன் மேல் தண்ணீர் நிற்கும்போது என்ஜினைக் கிளப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகவே முதலில் நாசிலைக் கழற்றிவிட்டு, கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சுற்றும்போது தடுத்தால் பலவந்தம் கூடாது.

"இரண்டு நாள் மட்டும் ஓட்டலாமா?"

பயிர் வாடும்போது எழும் கேள்வி இது. மூடியில் மட்டும் வெண்மை என்றால், ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டலாம். கம்பி முழுதும் பால்நிறமாகி, மட்டமும் உயர்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்குவதும், வாடகை என்ஜின் வைப்பதும் கிராங்க் ஷாப்ட் வாங்குவதைவிட மலிவு.

கிடைக்கும் தண்ணீரைப் பங்கிடுவதிலும் முறை வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் விடுவது நல்ல பழக்கமே. ஆனால் கதிர் வெளிவந்து பூக்கும் சமயத்தில் காயவிட்டால் பதர் மிகும். அந்த வயலுக்கே முதல் தண்ணீர். தென்னையும் மல்லிகையும் சில நாள் பொறுக்கும்.

பழுது நீக்கிய பிறகு

கோளாறைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது பணத்தை வாய்க்காலில் விடுவது போலாகும். பழுதை நீக்கியபின் ஆயில் அறையை டீசலால் கழுவி, நூல் பிரியாத பருத்தித் துணியால் துடைக்கவேண்டும். பஞ்சுக்கழிவு ஆகாது, அதன் நூல் ஆயில் துளைகளை அடைத்துவிடும். பெட்ரோலால் கழுவுவது தீ விபத்தில் முடியும்.

பிறகு ஆயில் ஊற்றி, பாரமில்லாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிட வேண்டும். பில்டர் இருந்தால் மாற்றி, தயாரிப்பாளர் கையேட்டில் கண்ட ரகத்தில், கண்ட அளவில் புது ஆயில் நிரப்பவேண்டும். ஹெட் நட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகச் சமமாக முடுக்க வேண்டும். ஒரு வாரம்வரை தினமும் ஆயிலைப் பார்த்து, மீண்டும் வெளுத்தால் கசிவு இன்னும் இருக்கிறது என்று அறியலாம். வடித்த ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் டின்னில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடவேண்டும்.

வருமுன் காக்க

குளிர்நீரைக் குறைக்கும் குழாயை என்ஜினுக்குள் தண்ணீர் நுழையும் பக்கத்தில் வைக்கவேண்டும். வெளிவரும் பக்கம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வெளிவழி அடைபட்டால் பம்பின் அழுத்தம் முழுவதும் ரப்பர் வளையத்தின்மேல் விழும். என்ஜினை நிறுத்தியதும் நுழைவழியை மூடி, கிளப்பும்போது மறவாமல் திறக்கவேண்டும். சைலன்சர் வாயில் வளைகுழாயோ மூடியோ பொருத்த வேண்டும்.

பம்பு உறிஞ்சும் ஆழம் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான். இதனால் கோடையில் பலர் என்ஜினைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கிவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதை மேலே ஏற்றிவிட வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் போன்ற நகர்ப்பகுதிகளே வெள்ளக்காடாயின. ஒரே மழையில் கிணறு நிரம்புவது பெரிதல்ல. மூழ்கிய என்ஜினைக் கிளப்பிப் பார்க்காமல், உடனே ஆயிலை வடித்து, நாசிலைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை நீக்கி, மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் துரு ஏறும்.

பம்புசெட் பற்றிய ஐயங்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். அளவுக் கம்பியைத் துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கதிர் வெளிவரும் காலத்தில் அந்த ஒரு நிமிடம் ஒரு போகத்தையே காப்பாற்றும்.