ஒரு நாவலுக்குப் பின் எந்நாவல்?

இந்திய நாவல் ஒன்றைப் படித்து இன்புற்ற ஒருவர், "இனி எதனைப் படிக்கலாம்?" என வினவுவாராயின், பெரும்பாலோர் புகழ்பெற்ற நூல்களின் பெயர்களை அடுக்கிக் கூறுவர். அங்ஙனம் கூறுதல் எளிது, பயனோ சிறிது. முதல் நூல் ஊட்டிய சுவை இரண்டாம் நூலால் வளர்தலும் உண்டு, மாய்தலும் உண்டு. பொருந்தாத நூலைக் கையிற்கொண்டு, ஐம்பது பக்கங்களில் அயர்ந்து, நாவற் படிப்பையே கைவிட்டோர் பலர். ஆதலின், இரண்டாம் நூலைத் தெரிந்தெடுக்கும் வகையை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

முதற்கண் அறியத்தக்கது, படித்தவர் உள்ளத்தைக் கவர்ந்தது யாது என்பதே. ஊரும் அதன் மாந்தரும் விளைக்கும் நகைச்சுவையா? நாட்டின் வரலாறா? அன்றிக் குடும்பத்தையும் குலத்தையும் பிணித்து நிற்கும் கட்டுப்பாடுகளா? இவற்றுள் ஒன்றைத் தெளிந்தபின் வழி தானே புலனாகும்.

ஆர். கே. நாராயணன் 1935-ஆம் ஆண்டில் படைத்த மால்குடி என்னும் ஊரில் மனந்தோய்ந்தவர்க்கு யாம் கூறுவது, ஸ்ரீலால் சுக்ல இந்தியில் 1968-இல் வெளியிட்ட 'ராக் தர்பாரி'. உடல்நலம் தேடி மாமன் ஊராகிய சிவபால்கஞ்சிற்கு வரும் ஆராய்ச்சி மாணவன் ரங்கநாதன், கல்லூரியும் கூட்டுறவுச் சங்கமும் பஞ்சாயத்தும் ஒருவர் கைக்குள் அடங்கிக் கிடத்தலைக் காண்கிறான். மால்குடியின் நகை மென்மையானது; இதன் நகையோ சுடுவது.

சல்மான் ருஷ்டியின் 'நள்ளிரவின் குழந்தைகள்' (1981) வாயிலாக நாட்டின் வரலாற்றை ஒரு தனிமனிதன் வாழ்வில் கண்டு வியந்தவர், குர்ரதுலைன் ஹைதர் உருது மொழியில் 1959-இல் எழுதிய 'அக்னி நதி'யை நாடுக. மௌரியர் காலந்தொட்டு 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பிற்பட்ட காலம் வரை அந்நூல் செல்லும். கௌதமன், சம்பா முதலிய பெயர்கள் காலந்தோறும் புதிய மாந்தரைச் சார்ந்து மீண்டும் மீண்டும் தோன்றும்.

அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' (1997) காட்டும் குலக்கட்டுப்பாட்டின் கொடுமையால் நெஞ்சு கலங்கியவர்க்கு உரியது, யு. ஆர். அனந்தமூர்த்தி கன்னடத்தில் 1965-இல் வெளியிட்ட 'சம்ஸ்காரா'. ஆசாரம் துறந்த நாரணப்பன் அக்கிரகாரத்தில் இறந்துபடுகிறான். அவனுக்கு ஈமக்கடன் செய்தற்குரியார் யார்? சாத்திரம் கற்ற பிராணேசாசாரியரும் விடை காணாது திகைக்கிறார். முடிவை யாம் கூறோம்.

மேற்கூறிய முதல் நூல்கள் மூன்றும் ஆங்கிலத்தில் எழுந்தவை என்பதையும், பின் கூறியவை பிற இந்திய மொழிகளில் எழுந்தவை என்பதையும் அன்பர்கள் நோக்குக. ஆங்கிலத்தில் எழுந்தவை சிறந்தனவே. ஆயினும் அவையே இந்திய நாவல் எனக் கொள்வோர், பெரியதொரு வீட்டின் திண்ணையில் இருந்து மீண்டவரே ஆவர். கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி' என்னும் இந்தி நாவல், ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்ட பின்னரே 2022-இல் சர்வதேச புக்கர் பரிசினைப் பெற்றது. மொழிபெயர்ப்பாளர் இன்றேல், அயலார்க்கு அந்நூல் மூடிய பெட்டியே.

தமிழில் மொழிபெயர்ப்புக் கிடைப்பின், ஆங்கிலப் பெயர்ப்பினும் அதனை முற்படக் கொள்ளுதல் நன்று. தாராசங்கர் பானர்ஜியின் வங்க நாவலாகிய 'ஆரோக்கிய நிகேதனம்' இதற்குச் சான்றாகும். 1956-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நூலை த. நா. குமாரஸ்வாமி தமிழாக்கினார். நாடி பிடித்து மரணத்தின் வரவை முன்னறியும் முதிய வைத்தியரும், புதிய மருத்துவம் கற்ற இளைஞரும் எதிர்நிற்கும் கதை அது. 'நாடி' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் விளக்கவேண்டும். தமிழர்க்கோ அச்சொல்லே போதும். 'அக்கிரகாரம்' என்பதும் அத்தகையதே.

இறுதியாக ஒன்று. அளவிற் சிறிய நூலை முன்னும் பெரிய நூலைப் பின்னும் கொள்க. 'சம்ஸ்காரா' சில நாட்களில் முடியும்; 'அக்னி நதி' விடுமுறைக்கு ஏற்றது. நூல்நிலையத்தில் நண்பர் ஒருவர் அடுத்த நூல் கேட்கும்போது, நூலின் பெயரைக் கூறுமுன், "முன் படித்ததில் உம்மைக் கவர்ந்தது யாது?" என ஒரு வினா வினவுக. அவ்வினா ஒரு வாசகரைக் காக்கும்.